குண்டூசிக்கு மத்தியான இடைவேளை

அத்தியாயம் 5

விஜயபாஸ்கர் எங்கள் மேஜையில் வைத்த புகார் நூற்றுப் பதினோரு பக்கம் இருந்தது. அதில் புகார் இரண்டு பக்கம்தான், அதுவும் ஆபீஸ் இங்கிலீஷில். மீதி முழுக்க, ஆன்லைனில் ஒருவன் அவரை எப்படியெல்லாம் திட்டினான் என்பதன் அச்சுப் பிரதி. தான் வாங்கிய திட்டுகளை இவ்வளவு அக்கறையாகச் சேர்த்து, ஸ்பைரல் போட்டு, மேலே கண்ணாடி அட்டையும் வைத்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இதை அரபியில டைப் பண்ணணும் மேடம். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். சாயங்காலம் எனக்கு அவார்டு ஃபங்ஷன். போற வழியில ஸ்டேஷன்ல குடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார்.

மேடம் என்பது மதீனா பீவி. இந்த வளைகுடா ஊரின் அல் கூஸ் பகுதியில் லேபர் கேம்ப்புகளுக்கு நடுவே டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார். விசா பாரம், ஐ.டி. புதுப்பித்தல், ஊர் டிக்கெட், அரபியில் புகார் மனு எல்லாம் இங்கே நடக்கும். போர்டில் எழுதாத வேலை ஒன்றும் நடக்கும். காணாமல் போன பாஸ்போர்ட், காணாமல் போன மாப்பிள்ளை, இரண்டு பேர் உரிமை கொண்டாடும் ஒரே போன் எல்லாம் போலீசுக்குப் போவதற்கு முன்னால் எங்களிடம் வரும். தாளைப் பார்த்தே ஆளைப் பிடிப்பார் அவர். நான் சாகிர், அவருடைய உதவியாளன். கண்டுபிடிப்பது அவர், டைப் அடிப்பது நான், டீ வாங்கி வருவதும் நான். இருவருக்கும் கீழக்கரை என்பதால் அவர் எனக்கு லாத்தா, அதாவது அக்கா.

"யாரு சார் திட்டினது?" லாத்தா கேட்டார்.

"குண்டூசி."

"அது ஒரு பேரா?"

"ஆன்லைன்ல வெச்சிருக்கிற பேர் மேடம். முகத்தைக் காட்டாத கோழை. ஆக்சுவலி அவன் அமெரிக்காவுலேர்ந்து எழுதுற கைக்கூலின்னுதான் ரொம்ப நாள் நினைச்சேன். நாம தூங்கி எழறதுக்குள்ள பதில் போட்டுடுவான்."

இந்த இடத்தில் பேரவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'வளைகுடா விண்வெளிச் சிந்தனையாளர் பேரவை' என்று ஒரு இணையக் குழு. ஒன்பதாயிரம் உறுப்பினர்கள். நானும் ஒருவன், ஸ்டிக்கர்களுக்காகச் சேர்ந்தேன். அங்கே இரண்டு கட்சி. செவ்வாய்க்கு ஆள் அனுப்பியே தீர வேண்டும் என்பது ராக்கெட் கட்சி. முதலில் குடிதண்ணீர், பிறகு செவ்வாய் என்பது ரேஷன் கட்சி. இரண்டு கட்சியிலும் யாரும் யாருடைய பதிவையும் முழுசாகப் படித்ததில்லை. சோஹாரிலிருந்து ஒருவர் எந்த விவாதத்திலும் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் போடுவார். யான்புவிலிருந்து ஒருவர், நிலாவில் தளம் அமைத்தால் பைப் ஃபிட்டருக்கு வேகன்சி உண்டா என்று விடாமல் கேட்பார். என் அபிப்பிராயத்தில் அங்கே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

ராக்கெட் கட்சியின் தலைவர் நம் விஜயபாஸ்கர். தொழிலால் ஒரு கட்டுமானக் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். உலக நாடுகளுக்காகப் பன்னிரண்டு அம்ச அறிவியல் கொள்கை ஒன்றை அவர் பெயரில் வெளியிட்டு மூன்று அரசாங்கங்களுக்கு மின்னஞ்சல் செய்திருந்தார்கள். மூன்றும் இன்னும் பதில் போடவில்லை. பயந்துபோயிருக்கலாம். அந்தக் கொள்கைக்காகத்தான் இன்று சாயங்காலம் 'விண்வெளிச் சுடர்' விருது. கொடுப்பது பாத்திரக்கடை உரிமையாளர்கள் சங்கம். ஸ்பான்சரைக் கேள்வி கேட்கும் பழக்கம் நம்மவர்களுக்குக் கிடையாது.

இவருக்கு எதிராக ஒன்றரை வருஷமாகக் குத்திக்கொண்டிருப்பவன்தான் குண்டூசி. "ராக்கெட்டைப் பற்றிப் பேச ராக்கெட் ஏற வேண்டாம், மூன்றாம் மாடி வரைக்குமாவது ஏறிய ஆள் பேசலாம்" என்று ஒரு தடவை எழுதினான். போன வாரம், "இவர் விண்வெளி வீரர் அல்ல, ஏ.சி. வீரர்" என்று போட்டான். அரை மணி நேரத்தில் விஜயபாஸ்கரின் தலைக்கு ஹெல்மெட் மாட்டி, முதுகில் ஸ்பிளிட் ஏ.சி.யைக் கட்டி யாரோ ஸ்டிக்கர் செய்துவிட்டார்கள். நான் அதை நாலு பேருக்குத்தான் அனுப்பினேன்.

இந்த ஊரில் ஆன்லைனில் ஒருவரைத் திட்டினாலும் கேஸ். சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை.

"ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன் மேடம்" என்றார் விஜயபாஸ்கர். "பேரவையில சேரணும்னா மொபைல் நம்பர் குடுத்து ஓ.டி.பி. போடணும். அட்மின் என் ஃபிரெண்டு. நம்பரை வாங்கிப் பார்த்தா, எங்க கம்பெனி ஆளு. ராக்கப்பன். ஸ்கஃபோல்டர், சாரம் கட்டுற ஆளு. காலையில கூப்பிட்டுக் கேட்டேன், நான்தான்னு ஒத்துக்கிட்டான். விசா கேன்சலேஷன் பேப்பரையும் சேர்த்து அடிச்சுடுங்க."

எனக்குப் புரையேறியது. ராக்கப்பன் அண்ணனை எங்களுக்குத் தெரியும். முதுகுளத்தூர் பக்கம். மகள் அனுப்பும் மெசேஜைப் படித்துக் காட்டச் சொல்லி வாரா வாரம் கடைக்கு வருகிற மனிதர். வாட்ஸப்பில் கட்டைவிரல் படம் அனுப்பவே கட்டைவிரலைத் தேடுவார். அவர் அறிவியல் கொள்கையின் ஏழாவது அம்சத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார் என்றால் நான் கதகளி ஆடுவேன்.

லாத்தா ஸ்பைரல் புத்தகத்தைப் புரட்டினார்.

"உங்க பதிவும் இதுல இருக்கே சார். நீங்களும் மத்தியானத்துலதான் எழுதுவீங்களோ?"

"லஞ்ச் பிரேக்ல மேடம். குளிர்காலம்னா காலையில வாக்கிங் போகும்போது. அந்த நேரத்துலதான் எனக்கு ஃப்ளோ வரும்."

"நாலு மணிக்கு வாங்க" என்றார் லாத்தா.

விஜயபாஸ்கரின் கார் கிளம்பியதும் புத்தகம் என் பக்கம் தள்ளப்பட்டது. "படி."

"ஏழாவது அம்சத்திலேர்ந்தா?"

"சண்டையைப் படிச்சா நம்மளும் ஏதாவது ஒரு கட்சியில சேந்துருவோம் வாப்பா. குண்டூசி போட்ட தேதியையும் மணியையும் மட்டும் படி."

படித்தேன். போன வருஷம் மார்ச் நாலாம் தேதி கணக்கைத் தொடங்கியிருக்கிறான். காலை ஐந்து இருபது, ஐந்து பதினேழு, ஐந்தரை. எல்லாம் விடிகாலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகல் பூராவும் எழுதுகிறான். ஜூன் மாதம் வந்ததும் குரலை நிறுத்தினேன்.

"லாத்தா, இங்க மாறுது. ஜூன் பதினாலு, காலை அஞ்சு இருபத்தஞ்சு. பதினஞ்சு, பகல் பன்னெண்டு அம்பது. அதுக்கப்புறம் எல்லாமே பன்னெண்டரைக்கும் மூணுக்கும் நடுவுல."

"எது வரைக்கும்?"

"செப்டம்பர் பதினஞ்சு. மறுநாள்லேர்ந்து திரும்ப விடிகாலை."

"இந்த வருசம்?"

"இந்த வருசமும் அப்படியேதான். ஜூன் பதினஞ்சுல மத்தியானம்."

லாத்தா டீயை ஒரு வாய் குடித்தார். "அமெரிக்காக்காரனுக்கு நம்ம வெயில் எதுக்கு?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஜூன் பதினைந்திலிருந்து செப்டம்பர் பதினைந்து வரைக்கும் பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது, சட்டம். ஏ.சி. ஆபீசில் இருப்பவனுக்கு அந்த இரண்டரை மணி நேரம் இல்லை. விடிகாலை ஐந்தேகால் என்பது சைட்டுக்குப் போகும் பஸ். ஞாயிறு லீவு. நம் மகா விஞ்ஞானி வெயிலில் நிற்கிற ஆள்.

"அப்ப ராக்கப்பன் அண்ணனேதானா? கதகளி கத்துக்கணுமா?"

லாத்தா கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். ராக்கப்பனுக்கு நாங்கள் போட்டுக்கொடுத்த டிக்கெட் வந்தது. போன வருஷம் பிப்ரவரி பதினெட்டு, மதுரைக்கு. திரும்பியது ஏப்ரல் இருபது. குண்டூசி கணக்குத் தொடங்கிய அன்று ராக்கப்பன் ஊரில் இருந்திருக்கிறார். அவருடைய சிம் இங்கே இருந்திருக்கிறது.

"ராக்கப்பன் சைட்டுல யாருக்கு ஐ.டி. முடியுது?" என்று கேட்டார்.

"ஃபோர்மேனுக்கே முடியுது. அடுத்த வாரம். நம்மகிட்டதான் புதுப்பிக்கணும்."

"அப்ப சைட்டு கேட்டு திறக்கும். தொப்பி எடுத்துக்க."

சைட் பத்து நிமிஷ தூரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். ரெஸ்ட் ஷெட்டில் பெரிய கூலர் இரண்டு ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்தவர்கள் அட்டையை விரித்து வரிசையாகப் படுத்திருந்தார்கள். எல்லோர் முகத்துக்கு மேலேயும் ஒரு போன். ராக்கப்பன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது.

"ஊருக்குப் போறப்ப சிம்மை யாருகிட்ட குடுத்தீங்க?" என்று லாத்தா கேட்டார்.

"யாருட்டயும் குடுக்கலக்கா. டின்னுல போட்டுட்டுப் போனேன்."

டின் என்பது காலிப் பால் பவுடர் டின். எல்லா கேம்ப் ரூமிலும் ஒன்று இருக்கும். லீவில் போகிறவன் தன் சிம்மை அதில் போட்டுவிட்டுப் போவான். ரூமில் இருப்பவர்கள் வாரம் ஒரு தடவை எடுத்து ஒரு போனில் மாட்டி, ஒரு மிஸ்டு கால் கொடுத்து உயிரோடு வைத்திருப்பார்கள். நம்பர் செத்துவிட்டால் பேங்க் ஓ.டி.பி. வராது, கம்பெனி மெசேஜ் வராது, ஆள் இருந்தும் இல்லாத கணக்கு. ஒருத்தன் நம்பரை இன்னொருத்தன் கையில் கொடுக்கக் கூடாது என்று எல்லா போஸ்டரிலும் எழுதியிருக்கிறது. போஸ்டர் எழுதியவர் ரெண்டு மாச லீவில் ஊருக்குப் போனதில்லை.

"ரூமுல எத்தனை பேரு?"

"எட்டு பேருக்கா."

"குண்டூசி நீங்கதானா?"

"ஆமாக்கா. நான்தேன் எழுதுனேன்."

"செவ்வாய்க்குப் போக எத்தனை நாள் ஆகும்?"

ராக்கப்பன் நிதானமாக யோசித்தார். "பிளைட்டு நேராப் போகுதா, மஸ்கட் வழியாப் போகுதாங்கிறதைப் பொறுத்துக்கா."

நான் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினேன். லாத்தா சிரிக்கவில்லை.

"யாரைக் காப்பாத்துறீங்க அண்ணே? கேஸுன்னா என்னன்னு தெரியுமா? உள்ள போகணும். வெளிய வந்தா ஊருக்கு அனுப்பிருவாங்க. திரும்ப இந்த மண்ணுல கால் வைக்க முடியாது. பொண்ணு என்ன படிக்குது?"

"நர்சிங். கடைசி வருசம்." அவர் பாட்டில் மூடியைத் திருகினார்.

பெயரை அவர் சொல்ல மாட்டார் என்பது தெளிவாகிவிட்டது. எட்டில் ஒன்று போக ஏழு பேர் இதே ஷெட்டில் படுத்திருக்கிறார்கள். ஏழு பேரின் போனையும் பிடுங்கிப் பார்க்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை. லாத்தா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"நீ பேரவையில இருக்கேல்ல. நான் சொல்றதைப் போடு."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'நிலாவில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் எடை இல்லை. அதனால்தான் நிலாவுக்குப் போனவர்கள் கயிறு கட்டிக்கொண்டு நடந்தார்கள். இதற்குப் பதில் உண்டா விஜயபாஸ்கர் சார்?'

"லாத்தா, இது தப்புன்னு எனக்கே தெரியுது."

"உனக்கே தெரியிற தப்புதான் வேணும். பேரு, கம்பெனி, பாஸ்போர்ட்டு எல்லாத்தையும் மறைக்கிறவன்கூட, பக்கத்துல ஒருத்தன் தப்பா பேசினா வாயை மூடிட்டு இருக்க மாட்டான். அனுப்பு. அனுப்பிட்டு போனைப் பார்க்காத, ஆளுங்களைப் பாரு."

மணி ஒன்று பன்னிரண்டு. அனுப்பினேன். முதலில் சோஹாரின் ரோஜாப்பூ வந்தது. அடுத்து ஒருவர், 'அருமையான தகவல், என் பிள்ளைகளின் பள்ளிக் குழுவிலும் பகிர்கிறேன்' என்றார். ஒரு நாட்டின் எதிர்காலம் என் கண் முன்னால் கெட்டுக்கொண்டிருந்தது. யான்புக்காரர், கயிறு கட்டும் வேலைக்கு வேகன்சி உண்டா என்று கேட்டார்.

ஷெட்டில் ஆறு பேர் அசையவே இல்லை. ஏழாவது ஆள், மூலையில் ஒல்லியாக, கண்ணாடி போட்டவன், அட்டையிலிருந்து துள்ளி எழுந்து உட்கார்ந்தான். யாரோ அவன் சோற்றில் மண்ணைப் போட்ட மாதிரி போனையே முறைத்தான். கட்டைவிரல்கள் இரண்டும் பறந்தன.

என் போனில் குண்டூசி வந்துவிட்டான். 'காற்று போனால் எடை போகும் என்கிற அண்ணன், சைக்கிள் டயரில் காற்றை இறக்கிவிட்டுச் சைக்கிளைத் தூக்கிப் பார்க்கவும்.'

"மாட்டினான்" என்று நான் கிளம்பினேன். லாத்தா கையை நீட்டித் தடுத்தார். அவர் காதில் போன் இருந்தது, மறுமுனையில் விஜயபாஸ்கர்.

"ஆமா சார், மதீனா பீவிதான். வண்டி ஓட்டுறீங்களா? ஷேக் சாயித் ரோடா? பரவாயில்ல, அரபியில பேரு தப்பா வந்துறக் கூடாது பாருங்க. உங்க பேரை ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க. அப்படியே அப்பா பேரும், தாத்தா பேரும்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. திருடன் கண்ணெதிரே இருக்கும்போது இந்தம்மா தாத்தா பேரைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். அப்போதுதான் என் போன் மறுபடி அதிர்ந்தது. மணி ஒன்று பதினெட்டு. விஜயபாஸ்கர் பதில் போட்டிருந்தார். நாலு பத்தி. 'அன்பிற்குரிய சிந்தனையாளர்களே' என்று தொடங்கி, எடை வேறு நிறை வேறு என்று விளக்கி, குண்டூசியின் கொச்சை நடைக்கு ஒரு கண்டனமும் சேர்த்து.

"லாத்தா, சார் பதில் போட்டுட்டாரு."

லாத்தா போனின் வாய்ப்பக்கத்தைப் பொத்தினார். "யாரு? இவரா? இவரு இன்னும் தாத்தா பேருலயே பாதியிலதான் நிக்கிறாரு."

நான் மூலையைப் பார்த்தேன். கண்ணாடிக்காரன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

அவன் பெயர் மணிமாறன். அரியலூர். எம்.எஸ்சி. இயற்பியல். வந்தது ஹெல்பர் விசாவில். நாங்கள் எதிரே போய் உட்கார்ந்ததும் முதலில் போனைக் கவிழ்த்தான், பிறகு கண்ணாடியைக் கழற்றினான், அப்புறம் அழுதான்.

"பயோடேட்டாவுல எம்.எஸ்சி.ன்னு பார்த்துட்டு சார் கூப்பிட்டாரு. ஆபீஸ்ல எடுத்துக்கறேன், அது வரைக்கும் எனக்குக் கொஞ்சம் எழுதிக் குடுன்னாரு. பாஸ்வேர்டையே குடுத்துட்டாரு. மத்தியானம் பிரேக் விட்டதும் தலைப்பு மட்டும் அனுப்புவாரு. ரெண்டு கோடை போயிருச்சு. நான் இன்னும் பைப் மேலதான் நிக்கிறேன்."

"அப்ப குண்டூசி?"

"சாருக்கு எழுதின ஒரு கட்டுரையில தப்பு வந்துருச்சுக்கா. நிலா முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் தூரம்னு போட்டுட்டேன். ஒரு சைபர் போயிருச்சு. அறுநூறு பேர் ஹார்ட் போட்டிருந்தாங்க. ஒருத்தர்கூட என்னய்யா இதுன்னு கேக்கல. ரெண்டு நாள் பார்த்தேன். பொறுக்க முடியல. டின்னுல சிம் இருந்துச்சு. நானே கேட்டுட்டேன்."

"அதோட நிறுத்த வேண்டியதுதானே?"

"நிறுத்த முடியலக்கா. அங்க என் அளவுக்குச் சண்டை போட வேற ஆளு இல்ல." இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன். "நானே போயி ஒத்துக்கறேன்னு காலையிலயே சொன்னேன். அண்ணன் விடல."

ராக்கப்பன் பின்னால் வந்து நின்றிருந்தார். "இவன் பேரைச் சொன்னா இவனை அனுப்பிருவாங்ய. படிச்ச பய. நான் பன்னெண்டு வருசம் பார்த்துட்டேன். சிம்மும் என்னுது."

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒன்பதாயிரம் சிந்தனையாளர்கள் மனித குலத்தைக் காப்பாற்ற ஒன்றரை வருஷம் பேசியிருக்கிறார்கள். பக்கத்தில் படுத்திருப்பவனைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொன்னது, அந்த விவாதத்தை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாத இந்த மனிதர்.

"ரெண்டு பேரும் டூட்டியைப் பாருங்க" என்றார் லாத்தா. "சாப்பிட்டுட்டுப் பாருங்க."

சரியாக நாலு மணிக்கு விஜயபாஸ்கர் வந்தார். கோட், சூட். நீல டையில் சின்னச் சின்னதாகக் கிரகங்கள். சனியின் வளையம் சாம்பார் பட்டு மங்கியிருந்தது.

"ரெடியா மேடம்?"

"ஒரு இடத்துல மட்டும் சந்தேகம் சார். 'புகார்தாரர் எழுதிய பதிவுக்கு எதிரி இவ்வாறு பதில் எழுதினார்'னு வருது. இதுல புகார்தாரர் எழுதினாருன்னு போடலாமா?"

"வேற எப்படிப் போடுவீங்க?"

"ஸ்டேஷன்ல போனை வாங்கிப் பார்ப்பாங்க சார். இன்னைக்கு ஒண்ணு பதினெட்டுக்கு உங்க பேர்ல நாலு பத்தி வந்திருக்கு. அந்நேரம் நீங்க என்கிட்ட பேசிட்டிருந்தீங்க. வண்டியும் ஓட்டிட்டிருந்தீங்க. பேசிக்கிட்டே, ஓட்டிக்கிட்டே, நாலு பத்தியும் எழுதினீங்கன்னா முதல்ல உங்க மேலதான் கேஸு வரும்."

அவர் டையைத் தளர்த்தினார். "அது ஷெட்யூல்ட் போஸ்ட் மேடம். முன்னாடியே எழுதி வெச்சது."

"நான் கேள்வியைப் போட்டதே ஒண்ணு பன்னெண்டுக்கு சார்" என்றேன். "கேள்வி வர்றதுக்கு முன்னாடியே பதிலா? விருது உங்களுக்குத் தகும்."

"சாகிர், சும்மா இரு" என்றார் லாத்தா, நான் சும்மா இருக்கக் கூடாது என்கிற தொனியில்.

விஜயபாஸ்கர் உட்கார்ந்தார். கர்ச்சீப்பால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். "கன்டென்ட் சப்போர்ட்னு சொல்லுவாங்க மேடம். எல்லா லீடருக்கும் ஆள் இருக்கு. எங்க கம்பெனியில ஒரு பையன். ஐடியா என்னுது, வார்த்தை மட்டும் அவன்."

"தப்பில்ல சார். உங்களுக்கு எழுதிக் குடுக்கிறவரை உங்களுக்குத் தெரியுது. உங்களைத் திட்டுறவரைத்தான் தெரியல."

"தெரியுமே. ராக்கப்பன்."

"ராக்கப்பன் சிம்மு. போன் வேற. அந்த போனுலதான் உங்க பாஸ்வேர்டும் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், லாத்தாவைப் பார்த்தார், ஸ்பைரல் புத்தகத்தைப் பார்த்தார். புகார் இரண்டு பக்கம் போக மீதி நூற்றொன்பது பக்கத்தில் ஒரு வரிகூட அவருடையது இல்லை என்பது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. புகழ்ந்ததும் அவன், இகழ்ந்ததும் அவன். இடையில் இவர் போட்டோவுக்கு மட்டும் நின்றிருக்கிறார்.

"அப்ப… ஏ.சி. வீரர்? அதுவும் மணிமாறனா?"

"அதுவும்தான்."

"அதுக்குத்தான் மேடம் அதிக லைக்" என்றார். பிறகு எச்.ஆர். முகம் திரும்பி வந்தது. "நாளைக்கே ரெண்டு பேரையும் பேக் பண்ணி அனுப்பறேன்."

"அனுப்புங்க" என்றார் லாத்தா. "ஊருக்குப் போனா மணிமாறனுக்கு டூட்டி கிடையாது. மத்தியானம் மட்டும்னு இல்லாம நாள் பூராவும் எழுதுவான். அங்க உட்கார்ந்து எந்தக் கதையை முதல்ல எழுதுவான்னு நெனைக்கிறீங்க?"

விஜயபாஸ்கர் கடிகாரத்தைப் பார்த்தார். திடீரென்று வேறொரு பயம் அவரைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது.

"மேடம், இன்னைக்கு ஏற்புரை… அதை அவன் இன்னும் அனுப்பல."

"அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க. ராக்கப்பன், மணிமாறன் ரெண்டு பேர் மேலயும் புகாரு இல்ல, நடவடிக்கையும் இல்லன்னு. டைப் அடிச்சது வேணாம், நான் எழுதலன்னு நாளைக்குச் சொல்லலாம். உங்க கையால, தமிழ்ல."

வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தேன். அவர் பேனாவை மூடித் திறந்தார். தாளை நேராக்கினார். கொஞ்சம் சாய்த்தார். ஐந்து நிமிஷம் ஆனது. தாள் வெள்ளையாகவே இருந்தது.

"எப்படி ஸ்டார்ட் பண்றது?" என்று என்னிடம் கேட்டார்.

"நான் சொன்னா அது என் கருத்தா போயிடும் சார்."

அவர் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. போனை எடுத்து, பழக்க தோஷத்தில், மணிமாறனைக் கூப்பிட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

"ஏன் எடுக்க மாட்டேங்கிறான்?"

"மூணு மணிக்கு டூட்டி ஆரம்பிச்சாச்சு சார்" என்றேன். "டூட்டி நேரத்துல சைட்டுல போன் எடுத்தா வார்னிங் லெட்டர்னு சர்குலர் ஒட்டியிருக்கு. கீழ கையெழுத்து உங்களுது."

நாலே முக்காலுக்குத் தாளை நீட்டினார். எல்லாம் சேர்த்து மூன்று வரி. 'ராக்கப்பன் மீதும் மணிமாறன் மீதும் எனக்குப் புகார் இல்லை. அவர்கள் வேளையில் தொடர்வார்கள். இதை நான் சுயநினைவோடு எழுதுகிறேன்.' வேலை, வேளையாகியிருந்தது. நாங்கள் திருத்தவில்லை. லாத்தா மூன்று காப்பி எடுக்கச் சொன்னார். விசா கேன்சலேஷன் பேப்பரை விஜயபாஸ்கர் கையிலேயே கொடுத்து, அவரையே கிழிக்க வைத்தார்.

கதவு வரை போன மனிதர் நின்றார். டையைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் தயக்கமாக, லாத்தா கையிலிருந்த தாளைக் காட்டிக் கேட்டார்.

"நல்லா வந்திருக்கா மேடம்?"